சிலுவைப் போர்க் கடிதங்களும் வரலாற்றுண்மையும்

மத்தியகால ஐரோப்பாவின் சரித்திரத்தைக் கற்போர் எவரும் சிலுவைப் போர்கள் என்னும் அதிகாரத்தைக் கடந்தே செல்லவேண்டும். 1095ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரான்சு தேசத்துக் கிளெர்மோன் நகரிற் கூடிய திருச்சபைச் சங்கத்திலே பாப்பரசர் இரண்டாம் உர்பன் விடுத்த அழைப்பு, 1099ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி யெருசலேம் நகரின் வீழ்ச்சியில் முடிவெய்தியது என்பதும், அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் இலத்தீன் கிறித்தவர் சிரிய, பலஸ்தீனக் கரைகளில் ஆட்சி செலுத்தினர் என்பதும் பாடநூல்கள் கூறுஞ் செய்திகள். இச்செய்திகளை முதலிற் சொன்னவர் யாவர், யாருக்குச் சொன்னார்கள், எப்போது எழுதினார்கள் என்னும் வினாக்களைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலாவது சிலுவைப் போரை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அக்காலத்துக் கடிதங்களும் பத்திரங்களும் அதனை எவ்வாறு காட்டுகின்றன, அவற்றை நாம் நம்புவதற்குரிய எல்லை யாது என்பதை ஆராய்வாம்.

சரித நூலும் கடிதமும்

முதலாவது சிலுவைப் போரைப் பற்றிய சரித நூல்கள் பல. போரிற் கலந்துகொண்ட ஒருவர் எழுதியதெனக் கருதப்படும், ஆசிரியர் பெயர் அறியப்படாத ‘பிராங்கியர் செயல்கள்’ என்னும் இலத்தீன் நூல் அவற்றுள் முதன்மையானது. சார்த்ர் நகரத்துப் புல்ச்சர், அகிலேர் ஊர் றேமண்ட் ஆகிய குருமாரும் படையுடன் சென்று எழுதினர். துறவி றொபேட், டோல் நகரத்துப் போல்ட்றிக், நோஜான் மடத்துக் கிபேட் என்போர் பிரான்சிலிருந்தே முன்னைய நூலைத் திருத்தி விரித்தனர். இவர்கள் அனைவர்க்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. யெருசலேம் கைப்பற்றப்பட்டது என்னும் முடிவை அறிந்தபின்னரே இவர்கள் தம் நூல்களை நிறைவு செய்தனர். வெற்றியை அறிந்தவனுக்கு அதற்கு முன் நிகழ்ந்த ஒவ்வொன்றும் வெற்றிக்குரிய படியாகவே தோன்றும். தயக்கங்கள் மறைந்துவிடும், தற்செயலாய் நேர்ந்தவை தெய்வச் செயலாகும்.

கடிதம் எழுதுவோன் நிலை வேறு. நாளை யாது நிகழும் என்பதை அவன் அறியான். அவனுடைய நம்பிக்கையும் அச்சமும் தவறான கணிப்பும் எழுதிய நாளின் நிறத்தோடு தாளில் நிற்கின்றன. இதனாலேயே, கைன்றிக் ஹாகன்மையர் என்னும் ஜேர்மானிய அறிஞர் முதலாவது சிலுவைப் போர்க் காலத்துக் கடிதங்களைத் தொகுத்து 1901ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, ஆராய்ச்சியாளர் அதனைப் பெருஞ் செல்வமாகப் போற்றினர். ஆயினும், கடிதம் உடனுக்குடன் எழுதப்பட்டது என்பதனால் மாத்திரம் உண்மை பேசும் என்று கொள்ளலாகாது. அதற்கும் ஒரு நோக்கமுண்டு; ஒரு வாசகன் உண்டு.

பாப்பரசர் சொன்னது யாது?

கிளெர்மோனில் உர்பன் ஆற்றிய உரை உலக வரலாற்றைத் திருப்பிய உரைகளுள் ஒன்றெனப் புகழப்படுகிறது. ஆனால் அவ்வுரையின் மூலப்படி எம்மிடம் இல்லை. புல்ச்சர், றொபேட், போல்ட்றிக், கிபேட் ஆகிய நால்வரும் நால்வேறு உரைகளைத் தருகின்றனர். றொபேட்டின் நூலில் யெருசலேமின் துயரும் துருக்கரின் கொடுமைகளும் விரிவாகப் பேசப்படுகின்றன. புல்ச்சரின் நூலிலோ கீழைத் திருச்சபையினருக்கு உதவுக என்ற வேண்டுகோள் உண்டு. யெருசலேம் என்னும் பெயரே இல்லை. இவ்வேறுபாட்டையும் பிறவற்றையுங் கொண்டு அறிஞர் பெரிதும் வாதிட்டனர். கீழைக் கிறித்தவருக்கு உதவுதலே உர்பனின் முதல் நோக்கம், யெருசலேம் அதற்கு அடுத்தபடியே என்னுங் கருத்தைக் கார்ல் எர்ட்மன் 1935இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். பாப்பரசரின் உள்ளத்தில் யெருசலேம் தொடக்கத்திலேயே நடுவிடம் பெற்றிருந்தது என்று கௌட்றி 1970இல் மறுத்தெழுதினார்.

இவ்வழக்கில் நடுநின்று சான்று பகர்வன உர்பனின் சொந்தக் கடிதங்களே. சங்கம் முடிந்த சில வாரங்களுள் பிளாண்டர்ஸ் நாட்டு மக்களுக்கு அவர் ஒரு கடிதம் விடுத்தார். கீழைத் தேசத்துக் கோயில்கள் பாழ்படுத்தப்பட்டமையையும் புனித நகர் அடிமைப்பட்டமையையும் அதிற் குறிப்பிட்டு, பூய் நகர ஆயர் அடெமாரைத் தம் பிரதிநிதியாக நியமித்ததையும், 1096 ஓகஸ்ட் 15ஆந் திகதி புறப்பாட்டுக்குரிய நாளென்பதையும் அறிவித்தார். 1096 செத்தெம்பரில் இத்தாலியிலுள்ள பொலோஞா நகரத்தார்க்கு எழுதிய கடிதம் இதனினும் பயனுடையது. பொருளாசையின்றிப் பக்தியினாற் செல்வோர்க்கே பாவப் பரிகாரப் பயன் உண்டு என்கிறார். குருமார் தம் ஆயரின் இசைவின்றிச் செல்லலாகாது என்கிறார். இளங்கணவர் மனைவியரின் சம்மதமின்றிப் புறப்படலாகாது என்கிறார்.

இக்கட்டுப்பாடுகளை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஒருவன் ஒரு செயலை விலக்குகிறான் எனின், அச்செயல் நிகழத் தொடங்கிவிட்டது என்பது பொருள். தாம் மூட்டிய தீ தம் கைக்கு அடங்காது பரவுவதை ஓராண்டுக்குள்ளேயே கண்ட ஒரு நிர்வாகியின் கவலை அக்கடிதத்திற் புலப்படுகிறது. சரித நூல்கள் காட்டும் உர்பன் பெருங் கூட்டத்தின்முன் முழங்கும் நாவலர். கடிதங்கள் காட்டும் உர்பன் விதிவிலக்குகளை வரையறுக்கும் ஆட்சியாளர். அவ்வேளையில், உத்தியோகப் படைகள் புறப்படுமுன்னரே கிளர்ந்தெழுந்த கூட்டங்கள் றைன் நதிக்கரையிலுள்ள வோம்ஸ், மைன்ஸ் முதலிய நகரங்களில் யூதரைக் கொன்று குவித்துவிட்டன என்பதையும் இங்கு நினைவு கூர்தல் தகும்.

அடமானப் பத்திரங்கள் கூறுவன

புறப்பட்டுச் சென்ற வீரரின் உள்ளத்தை அறியக் கடிதங்களோடு நிலப் பத்திரங்களும் உதவுகின்றன. ஊரில் நிலமற்ற இளைய மைந்தர் செல்வந் தேடிக் கிழக்கே சென்றனர் என்பது நெடுங்காலம் வழங்கிய விளக்கம். மடாலயங்களிற் காக்கப்பட்ட பத்திரங்களை ஆராய்ந்தவர்கள், குறிப்பாக ஜொனதன் றைலி ஸ்மித் 1997இல் வெளியிட்ட நூலில், இவ்விளக்கத்தை ஐயுறச் செய்தனர். மொன்மேர்ள் ஊர்ப் பிரபு அக்காட் என்பவர் 1096 ஏப்பிரிலில் தம் நிலத்தைக் குளூனி மடத்துக்கு அடமானம் வைத்து 2,000 வெள்ளிச் சொலிடசுகளும் நான்கு கோவேறு கழுதைகளும் பெற்றார். அவர் மீளவில்லை, 1099இல் யாப்பாவுக்கு அருகே வீழ்ந்தார். நோர்மண்டிக் கோமகன் றொபேட் தம் நாட்டையே 10,000 மார்க்குக்குத் தம் சகோதரனாகிய இங்கிலாந்து மன்னனிடம் ஈடுவைத்தார். இலாபம் நாடிச் செல்பவன் முதலில் உள்ளதையெல்லாம் ஈடுவைப்பானா என்பது நியாயமான வினா.

எனினும் இங்கும் திறனாய்வு வேண்டும். அப்பத்திரங்களை எழுதியவர் வீரரல்லர்; நிலத்தைப் பெற்ற மடத்தின் துறவியரே. பக்தி மொழிகள் அவர்களுடைய எழுத்து மரபுக்கு உரியவை. ஆதலாற் பத்திரத்தின் முகவுரையிற் காணும் பக்தியைவிட, உடலிற் காணும் தொகையும் நிபந்தனையுமே உறுதியான சான்று.

ஸ்தேவானின் இரு கடிதங்கள்

இத்தொகுதியிற் பலரின் உள்ளத்தைக் கவர்ந்தவை புளோவாக் கோமகன் ஸ்தேவான் தம் மனைவி அடேலாவுக்கு எழுதியனவாக நமக்குக் கிடைத்துள்ள இரு கடிதங்கள். அடேலா இங்கிலாந்தை வென்ற வில்லியத்தின் மகள். 1097 யூன் மாதம் நீசியா நகர் வீழ்ந்த சில நாட்களில் எழுதப்பட்ட முதற் கடிதத்தில், பைசாந்தியப் பேரரசர் அலெக்சியஸ் தம்மை மகனைப் போல நடத்தினார் என்றும், அவர் அளித்த பரிசில்களை நோக்க அடேலாவின் தந்தை வழங்கியவை ஒன்றுமில்லை என்றும் கோமகன் எழுதுகிறார். இறுதியில், அந்தியோக்கியா தடுக்காவிடின் ஐந்து வாரத்தில் யெருசலேமை அடைவோம் என மனைவிக்கு உறுதி கூறுகிறார்.

ஐந்து வாரம் இரண்டு ஆண்டுகளாயிற்று. இத்தவறான கணிப்பே அக்கடிதத்தின் உயிர் எனலாம். வரலாற்றின் போக்கை அறிந்த எந்தச் சரித ஆசிரியனும் இதனைத் தன் நாயகன் வாயில் வைத்திருக்கமாட்டான். அன்றியும், அலெக்சியசைத் துரோகி எனச் சாடும் இலத்தீன் சரித நூல்களோடு ஸ்தேவானின் புகழுரையை ஒப்பிட்டால், பேரரசருக்கெதிரான பகை தொடக்கத்திலேயே இருந்ததன்று, பின்னர் வளர்ந்தது என்பது தெளிவாகும்.

இரண்டாங் கடிதம் 1098 மார்ச்சு 29ஆந் திகதி, அந்தியோக்கியா முற்றுகையின்போது எழுதப்பட்டது. புறப்பட்டபோது இருந்ததைப்போல இருமடங்கு பொன்னும் வெள்ளியும் தம்மிடம் உண்டென்றும், பிரபுக்கள் யாவரும் தம்மையே படையின் தலைவராகத் தெரிந்தனர் என்றும் கோமகன் பெருமிதம் கொள்கிறார். சிரியாவில் வெயில் தாங்கொணாது என்று சொல்பவர் பொய் சொல்கின்றனர், இங்குங் குளிர் நம் நாட்டைப் போன்றதே என்கிறார். பிள்ளைகளையும் குடிகளையும் நன்கு காக்குமாறு மனைவியை வேண்டி முடிக்கிறார்.

இதன்பின் ஒன்பது வாரங்களில், யூன் 2ஆந் திகதி, நோயுற்றதாகக் கூறி அவர் பாசறையை விட்டு நீங்கினார். மறுநாளே நகர் வீழ்ந்தது. துருக்கப் பெரும்படையுடன் கெர்போகா அந்தியோக்கியாவைச் சூழ்ந்தபோது, உள்ளிருப்போர் அழிவது திண்ணம் எனக் கருதிய ஸ்தேவான், உதவிக்கு வந்துகொண்டிருந்த அலெக்சியசைப் பிலோமெலியம் என்னுமிடத்திற் சந்தித்து அச்செய்தியை உரைத்தார். பேரரசர் திரும்பிவிட்டார். உள்ளிருந்தோர் யூன் 28ஆந் திகதி எதிர்பாரா வெற்றி பெற்றனர். பேரரசர் கைவிட்டார் என்ற பழி நிலைத்தது. ‘பிராங்கியர் செயல்கள்’ ஸ்தேவானைக் கோழை என இகழ்கிறது. அவரோ 1101இல் மீண்டும் கிழக்கே சென்று, மறு ஆண்டு றம்லாவிற் போரிட்டு மாண்டார். பின்னாளில் எழுதிய ஓடெரிக் என்னுந் துறவி, அடேலா கணவனைத் தூண்டி அனுப்பிய உரையாடலைத் தாமே உடனிருந்து கேட்டவர்போலத் தீட்டுகிறார். பள்ளியறைப் பேச்சைத் துறவி எவ்வாறு அறிந்தார் என்று கேட்பார் இல்லை!

ஐயமும் அதன் பயனும்

இனி ஒரு தடையை எதிர்நோக்குவாம். இக்கடிதங்கள் மெய்யாகவே ஸ்தேவானின் கடிதங்கள்தாமா? மூலத்தாள்கள் அழிந்தன, பிற்காலப் படிகளே எஞ்சியுள்ளன. இரண்டாங் கடிதத்தைத் தம் குரு அலெக்சாந்தர் விரைந்து எழுதினார் என்று அக்கடிதமே கூறுகிறது. எனவே கோமகனின் பேச்சுக்கும் நமக்குமிடையே ஒரு குருவின் இலத்தீன் நடை நிற்கின்றது. இதற்கும் அப்பாற் சென்று, சைமன் பார்சன்ஸ் என்னும் ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட கட்டுரையில், இவற்றைப் போர்க்களத்திலிருந்து வந்த நேரடிச் சான்றாகக் கொள்ளுதல் தகுமா என்று வினவியுள்ளார். இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. மத்தியகாலத்திற் கடிதம் அந்தரங்கப் பொருளாக இருக்கவில்லை. அது சபையில் வாசிக்கப்பட்டது, படியெடுக்கப்பட்டது, ஆள் சேர்ப்பதற்கும் பயன்பட்டது. அலெக்சியஸ் பிளாண்டர்ஸ் கோமகன் றொபேட்டுக்கு எழுதியதாக வழங்கும் கடிதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கொன்ஸ்தாந்திநோப்பிளின் பொன்னையும் புனித எச்சங்களையும் மாத்திரமன்றி, கிரேக்கப் பெண்களின் அழகையுங் காட்டி மேனாட்டாரைத் தன் நாட்டிற்கு அழைக்கும் பேரரசன் உண்டோ? இன்றுள்ள வடிவில் அது மேனாட்டார் கைபட்ட புனைவு என்பதே பெரும்பாலோர் கருத்து.

அவ்வாறாயின் கடிதங்களையெல்லாம் ஒதுக்கிவிடலாமா? ஆகாது. போலிக் கடிதம் எழுதியதாகச் சொல்லப்படுபவனைப் பற்றிச் சான்று கூறாவிடினும், புனைந்தவனைப் பற்றியும் அதனை விரும்பிப் படித்தவரைப் பற்றியும் சான்று கூறும். சொன்னவர் எவராயினும் மெய்ப்பொருளை ஆராய்க என்பது வள்ளுவர் காட்டிய அறிவு நெறி. வரலாற்று மாணவன் அந்நெறியோடு இன்னும் ஒரு கடமையை ஏற்கிறான்: மெய்யை ஆராயும்போதே சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதையும் அவன் ஆராயவேண்டும்.

நோக்கம் திரிந்த வரலாறு

படைத் தலைவர்கள் 1098 செத்தெம்பர் 11ஆந் திகதி அந்தியோக்கியாவிலிருந்து உர்பனுக்கு விடுத்த கடிதம் இத்தொகுதியில் மிகவும் சிந்தனைக்குரியது. பாப்பரசரின் பிரதிநிதி அடெமார் ஓகஸ்ட் முதலாந் திகதி இறந்தமையை அறிவித்து, பாப்பரசரே நேரில் வந்து தலைமை தாங்கவேண்டும் என அது வேண்டுகிறது. அங்கேதான் அதிர்ச்சி தரும் ஒரு கூற்று உண்டு: துருக்கரையும் புறச்சமயத்தாரையும் வென்றோம், கிரேக்கர், ஆர்மேனியர், சிரியர், யாக்கோபியர் ஆகிய பதிதரை வெல்ல இயலவில்லை என்பது அதன் கருத்து. கீழைக் கிறித்தவரைக் காத்தற்கென உர்பன் அனுப்பிய படை, மூன்றாண்டுக்குள் அக்கிறித்தவரையே பகைவராக எண்ணத் தொடங்கிவிட்டது. ஒரு பெருங் கொள்கை தன் எதிர்மறையாக மாறிய வரலாறு இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது. அதனை எழுதியோர் அதில் முரண்பாடு எதனையும் உணர்ந்ததாகத் தோன்றவில்லை என்பதே அதனினும் பெரிய செய்தி.

இரத்தமும் கணக்கும்

யெருசலேமிற் பாய்ந்த இரத்தத்தைப் பற்றிச் சிறிது நிதானமாகப் பேசவேண்டும். 1099 செத்தெம்பரில் பீசா நகர மேற்றிராணியார் டைம்பேட்டும் படைத் தலைவரும் பாப்பரசருக்கு எழுதிய கடிதம், சாலமோனின் ஆலயத்திலே குதிரைகளின் முழங்கால் வரை இரத்தம் நின்றது எனப் பெருமையுடன் கூறுகிறது. உர்பன் யூலை 29ஆந் திகதியே இறந்துவிட்டமையால், வெற்றிச் செய்தியை அவர் கேட்கவேயில்லை. விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தலைப் படித்தவர்க்கு இவ்வருணனை புதிதன்று. குதிரைகளின் கடிவாளம் வரை இரத்தம் பெருகுங் காட்சி அங்கே உண்டு. கடிதம் எழுதியோர் கண்டதை அளந்து எழுதவில்லை. தம் வெற்றியை வேத வாக்கின் நிறைவேற்றமாகக் காட்டினர்.

புல்ச்சர் அவ்வாலயத்திற் பதினாயிரம் பேர் கொல்லப்பட்டனர் என்கிறார். ஒரு நூற்றாண்டுக்குப்பின் எழுதிய அராபிய ஆசிரியர் இப்னு அல் அதீர் எழுபதினாயிரம் என்கிறார். போருக்குச் சில ஆண்டுகள் முன் யெருசலேமிற் கல்வி பயின்ற இப்னு அல் அரபி என்னும் அந்தலூசிய அறிஞர் மூவாயிரம் என்கிறார். வென்றவன் தன் பெருமைக்காகவும் தோற்றவன் தன் துயருக்காகவும் எண்ணிக்கையைப் பெருக்குவர். இருவரும் ஒத்துக் கூறுகின்றனர் என்பதனால் அவ்வெண்ணிக்கை மெய்யாகிவிடாது.

பெருமையும் புலம்பலும் அற்ற ஒரு சான்று பழைய கெய்ரோவிலுள்ள யூத ஆலயத்தின் ஏட்டறையிலிருந்து கிடைத்தது. கெனீசா என வழங்கும் அவ்வறையின் தாள்களைச் சொலமன் ஷெக்ரர் 1896, 1897ஆம் ஆண்டுகளிற் கேம்பிறிட்ஜுக்குக் கொண்டு சென்றார். மலையாளக் கரையோடு வாணிகம் செய்த யூதரின் கடிதங்களும் அக்குவியலிலேயே இருந்தன. அவற்றிடையே கண்ட, யெருசலேம் வீழ்ச்சி பற்றிய கடிதங்களைக் கொயிட்டைன் என்னும் அறிஞர் 1952இல் வெளியிட்டார். 1100ஆம் ஆண்டளவில் அஸ்கலோனிலிருந்த கராயித யூதப் பெரியோர் எகிப்திலுள்ள தம்மவர்க்குப் பணவுதவி கோரி எழுதியது அவற்றுள் ஒன்று. சிறைப்பட்டோரை மீட்கக் கொடுத்த பொருள், பட்ட கடன், வழியிற் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டோர் ஆகிய செய்திகள் அதில் உள்ளன. 230 விவிலியச் சுவடிகளும் வேறு 100 நூல்களும் எட்டுத் தோராச் சுருள்களும் மீட்கப்பட்டதாகக் கணக்குண்டு. எட்டு வயதளவான சிறுவன் ஒருவன் மதம் மாற மறுத்து இன்னும் பிராங்கியர் கையில் இருக்கிறான் என்ற செய்தியும் உண்டு. பகைவரைச் சபிக்கும் அக்கடிதமே, வேறு படையினர் செய்தது போல இவர்கள் பெண்களின் கற்பைக் குலைத்ததாக நாம் கேள்விப்படவில்லை என்றும் எழுதுகிறது. பகைவனுக்கும் பொய்ப்பழி சுமத்தாத இந்நேர்மை போற்றற்குரியது.

யூதர் அனைவரும் ஆலயத்தோடு எரிந்தனர், நகரில் எவருமே எஞ்சவில்லை என்ற பொதுக்கூற்று இக்கடிதத்தின்முன் நிற்கமாட்டாது. பலர் கொல்லப்பட்டனர், பலர் சிறைப்பட்டனர், பலர் விலைக்கு மீட்கப்பட்டனர். இதனாற் குற்றம் குறைந்துவிட்டது என எவரும் எண்ணவேண்டா. தொழுகை மண்டபத்தில் அடைக்கலம் புகுந்த மூவாயிரம் பேரைக் கொல்வதும் கொடுமையே. அக்கொடுமைக்கு எழுபதினாயிரம் என்னும் அலங்காரம் வேண்டியதில்லை. எண்ணைப் பெருக்குவதால் இறந்தோர்க்கு நாம் செய்யும் நன்மை ஒன்றுமில்லை. தப்பியோரை மறந்து அவர்களையும் ஏட்டிலே கொன்றுவிடுகிறோம். அச்சிறுவன் உயிரோடிருந்தான் என்பதை அறிய ஒரு பணவுதவிக் கடிதமே வேண்டியிருந்தது.

முடிவுரை

கடிதங்களுக்கும் எல்லையுண்டு. எழுத்தாளனை வைத்திருந்த பிரபுக்களும் ஆயர்களுமே எழுதினர். துறவி பீற்றரின் பின்னே சென்று 1096 ஒக்ரோபரில் ஆசியா மைனரில் மடிந்த ஏழை மக்கள் எழுதிய வரி ஒன்றுமில்லை. படையோடு நடந்த பெண்கள் பேசவில்லை. றிபெமோன் பிரபு அன்செல்ம், றீம்ஸ் மேற்றிராணியாருக்கு எழுதிய கடிதத்தில் இறந்த தோழரின் பெயர்களை வரிசையாகத் தந்து அவர்களுக்காகச் செபிக்க வேண்டினார். பெயர் சொல்லப்படாதோர் எத்தனை பேரோ! மௌனமும் ஒரு சான்று என்பதை ஆராய்ச்சியாளன் மறத்தலாகாது.

அக்காலத்தார் தம் செயலைப் போர் என்றுகூடப் பெரும்பாலும் சொல்லவில்லை. யாத்திரை என்றும் பயணம் என்றுமே எழுதினர். சிலுவைப் போர் என்னும் பெயர் பின்னோர் இட்டது. பெயரைச் சூட்டியபின் அதற்கேற்ற வீரரையும் கொடியோரையும் தேடுதல் எளிது. 1951 முதல் 1954 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த ஸ்டீவன் றன்சிமனின் பெருநூல், அப்போர்களைச் சகிப்பின்மையின் நெடிய செயலாகக் கண்டு கடிந்தது. அக்கண்டனத்தில் அறம் உண்டு. ஆயினும் தீர்ப்புக்கு முன் விசாரணை நிகழவேண்டும். விசாரணையிற் பகைவன், நண்பன், வென்றவன், தோற்றவன் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு சாட்சியையும் ஒரே அளவுகோலால் அளக்கவேண்டும். சமயத்தின் பெயரால் நிகழ்ந்த போர்களைப் பற்றிக் கேட்கும்போது ஒவ்வொரு சமூகமும் தனக்கு உவப்பான சாட்சியை மாத்திரம் தெரிந்தெடுக்க விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தை அடக்குவதே வரலாற்றுக் கல்வி மாணவனுக்கு அளிக்கும் முதற் பயிற்சி. வெற்றி முழக்கத்துக்கும் பழிக்கும் நடுவே, கடன்பட்டுச் சிறை மீட்ட அஸ்கலோன் பெரியோரின் கணக்கேடு போன்ற எளிய தாள்களைத் தேடிப் படிப்போமாக. இறந்தோர்க்கும் தப்பியோர்க்கும் நாம் செய்யக்கூடிய நீதி அதுவேயாகும்.